ஜிப்ஸிக்கு இரண்டு அங்குல உயரம்

மாருதி ஜிப்ஸியின் அடிப்பகுதியில் மிகத் தாழ்ந்த இடம், ஆக்ஸிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. அதற்கும் தரைக்கும் இடையே தொழிற்சாலை விட்ட இடைவெளி 210 மி.மீ. ஊர்ச்சாலைக்கும் சாதாரண மண்பாதைக்கும் இது தாராளம். மழைக்காலத்தில் டிராக்டர் சக்கரம் அறுத்துவிட்ட தடத்திலும், ஓடைக்கரை ஏற்றத்திலும், உருண்டைக் கல் பரவிய ஆற்றுப்படுகையிலும்தான் பற்றாக்குறை தெரியும். முன் பம்பர் மண்ணைக் கொத்தும். நடுப்பகுதி மேட்டில் உட்கார்ந்துகொள்ள, சக்கரங்கள் பிடிப்பில்லாமல் சுழலும். இறங்கும்போது பின்னால் உள்ள இழுவைக் கொக்கி தரையை உழும். இந்தத் தொல்லைகளைக் குறைப்பதற்காக வண்டியின் உடலை ஆக்ஸிலிலிருந்து சற்று மேலே தூக்கி நிறுத்துவதுதான் சஸ்பென்ஷன் லிஃப்ட். அதிகச் செலவில்லாமல், வண்டியின் குணமும் கெடாமல் செய்யக்கூடிய அளவு ஏறத்தாழ 2 அங்குலம், அதாவது 50 மி.மீ.

இந்த வேலைக்கு ஜிப்ஸியைப் போல் தோதான வண்டி குறைவு. 1985 இறுதியில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அது சுசுகி எஸ்ஜே410 வண்டியின் நீட்டிய வடிவம். எஞ்சின் 970 சி.சி. 1993-இல் இருபக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 90 மி.மீ. கூட்டப்பட்டது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினுடன் ஜிப்ஸி கிங் வந்தது. ராணுவம், காவல்துறை, வனத்துறை, புலிகள் காப்பகச் சுற்றுலா என்று எங்கும் ஓடிய அந்த வண்டியின் பொது விற்பனை 2019-இல் நின்றது. இத்தனை ஆண்டுகளிலும் மாறாதது அதன் கீழ்க்கட்டு: ஏணி வடிவ இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்ஸில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். லாரிக்குப் பட்டை வேலை பார்க்கும் மேஸ்திரிக்குப் புரியாத எதுவும் அதில் இல்லை. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் இந்த வேலைக்கென்றே பட்டறைகள் உண்டு. குறைந்த செலவு என்ற பேச்சுக்கு ஆதாரமே இதுதான். வெளிநாட்டுப் பெட்டியில் வரும் கிட் இல்லாமலே பாதி வேலையை உள்ளூர்க் கைகள் முடித்துவிடும்.

லிஃப்ட் எதைத் தரும், எதைத் தராது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ஆக்ஸில் சக்கரத்தோடு பிணைந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்ஸிலும் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும், 210 மி.மீ. 210 ஆகவே நிற்கும். அதைக் கூட்ட விட்டம் கூடிய டயர் ஒன்றுதான் வழி. லிஃப்ட் உயர்த்துவது சட்டத்தையும் அதன்மேல் உள்ளவற்றையும் மட்டுமே. அதனால் முன் பம்பர் இடிக்காமல் ஏறும் கோணமும், பின்பக்கம் தட்டாமல் இறங்கும் கோணமும், நடுப்பகுதி உரசாமல் மேட்டைத் தாண்டும் கோணமும் கூடுகின்றன. மூன்றாவதை எளிதாகக் கணக்கிடலாம். ஜிப்ஸியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,375 மி.மீ. தூரம். நடுச்சட்டம் தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது உரசாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 24 டிகிரி. சட்டம் 300 மி.மீ.க்கு உயர்ந்தால் 28 டிகிரி. தோட்டப் பாதையின் குறுக்கே போட்ட வரப்பில் மாட்டிக்கொள்வதற்கும் தாண்டிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த நான்கு டிகிரிக்குள்தான் இருக்கிறது. கூடவே, பெரிய டயர் மட்கார்டில் இடிக்காமல் சுழல இடமும் கிடைக்கிறது.

இரண்டு அங்குலத்தில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜிப்ஸி ஒடுக்கமான வண்டி. முன் சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 1,300 மி.மீ.தான். வண்டி கவிழாமல் நிற்கும் திறனை மதிப்பிட, அந்த அகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுப்பார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழ்வு மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதும் இந்த எண்ணைத்தான். ஈர்ப்பு மையம் 600 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் 1.08 வரும். 50 மி.மீ. லிஃப்டில் ஆக்ஸிலும் சக்கரமும் உயராமல் மற்றவை மட்டும் உயர்வதால் மையம் 40 மி.மீ. ஏறும், எண் 1.02 ஆகிவிடும். இறங்குவது சிறிதாகத் தோன்றினாலும், வளைவில் வேகமாகத் திரும்பும்போது கையில் இருந்த இருப்பில் ஒரு பகுதி போய்விடுகிறது. ஜிப்ஸியின் நெருங்கிய உறவான சுசுகி சாமுராய் எளிதில் கவிழ்கிறது என்று 1988-இல் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று அறிவிக்க, சுசுகி அதை மறுத்து 1996-இல் வழக்குத் தொடுத்தது. 2004-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொழிற்சாலை உயரத்தில் இருந்த வண்டியைப் பற்றியே இத்தனை வாதம் நடந்தது. 4, 5 அங்குலம் உயர்த்திய ஜிப்ஸி பாறைக்காட்டில் பிரமாதமாக ஏறும். மலைச்சாலையில் குடும்பத்தை ஏற்றிப் போகும் வண்டியாக அது இருக்காது.

செலவைக் குறைக்க விரும்புகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை அளப்பது. பதினைந்து, இருபது வருடம் ஓடிய ஜிப்ஸியின் பட்டைகள் களைத்திருக்கும். புதிதில் வில்லாக வளைந்திருந்த பட்டை, சுமையில்லாத போதே கிட்டத்தட்ட நேராகக் கிடக்கும். சில வண்டிகளில் எதிர்ப்பக்கம் வளைந்தும் இருக்கும். சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் வேறுபாடு இருந்தால் ஒருபக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒரு பட்டை உடைந்து மற்றவற்றின் நடுவே ஒளிந்திருக்கிறது. இப்படித் தொய்ந்த வண்டிக்கு நல்ல நிலையில் உள்ள சாதாரணப் பட்டைக்கட்டைப் போட்டாலே கணிசமான உயரம் திரும்பிவிடும். அது எந்த விதியையும் மீறாத உயரம். வேறு எந்த உறுப்பையும் மாற்றச் சொல்லாத உயரம். பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான்.

அதற்கு மேலும் வேண்டும் என்றால் வழிகள் பல. மிக மலிவானது நீளமான ஷேக்கிள். பட்டையின் ஒரு முனை சட்டத்தில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை ஷேக்கிள் என்னும் இரட்டைத் தகட்டில் ஊஞ்சலாடும். தகட்டை நீட்டினால் வண்டி உயரும், ஆனால் நீட்டியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 50 மி.மீ. நீட்டினால் ஆக்ஸிலுக்கு நேர்மேலே உயர்வது 25 மி.மீ. முழு 2 அங்குலத்தையும் ஷேக்கிளிலேயே எடுக்க முயன்றால் தகடு 100 மி.மீ. நீள வேண்டும்; அவ்வளவு நீண்ட தகடு பக்கவாட்டில் ஆடும், வளைவில் வண்டி மிதப்பது போல் இருக்கும். லேத் பட்டறையில் தகடு வெட்டித் துளைபோடுவது சுலபம் என்பதால் இந்த வழி பரவியிருக்கிறது. தகட்டின் கனம் பழையதைவிடக் குறையாமல், இரண்டு தகடுகளுக்கும் குறுக்கே ஓர் இணைப்பு வைத்துச் செய்தால் 25 மி.மீ. உயரம் வரை குறை சொல்ல முடியாது.

அடுத்தது பட்டைக்கு மறுபடி வளைவு ஏற்றுவது. அனுபவமுள்ள பட்டறையில் பட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைத்து அடுக்குவார்கள். நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைப்பது சீக்கிரம் முடியும். ஆனால் ஸ்பிரிங் எஃகுக்கு அதன் வலு வருவதே காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றும் பதப்படுத்தலால்தான். அந்தப் பதத்தைக் கலைத்துவிட்டுச் சும்மா ஆறவிட்ட பட்டை சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதும் வழக்கம். இதில் கவனிக்க வேண்டியது கனம். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. பட்டை என்றால் அந்தப் பட்டை மட்டும் ஏறத்தாழ 60 சதவீதம் விறைப்பாகிறது. ஜிப்ஸியின் எடையே சுமார் ஒரு டன்தான். லாரிப் பட்டையை வெட்டிச் செருகினால் வண்டி உயரும், ஆனால் அசையாது. சஸ்பென்ஷன் அசையாத வண்டியில் பள்ளத்துக்கு மேல் சக்கரம் தொங்கி நிற்குமே தவிரக் கீழே இறங்கித் தரையைப் பிடிக்காது. காட்டுப்பாதைக்காக உயர்த்திய வண்டி காட்டுப்பாதையிலேயே மோசமாக ஓடும் விபரீதம் இப்படித்தான் வருகிறது. சேர்க்கும் பட்டை மெல்லியதாகவும் நீளமானதாகவும் இருக்க வேண்டும். முன்னால் வின்ச்சும் கனமான பம்பரும் ஏற்றிய வண்டிக்கு மட்டும் சற்று விறைப்பு நியாயம்.

கைக்கு வசதி இருந்தால், 2 அங்குல உயரத்துக்கென்றே செய்த முழுப் பட்டைக்கட்டை வாங்குவது நிம்மதியான வழி. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு போன்ற பெயர்கள் இதில் புகழ்பெற்றவை. இவற்றில் மெல்லிய பட்டைகள் பல சேர்ந்திருக்கும். உயரமும் வரும், மென்மையும் போகாது.

ஜிப்ஸிக்கு ஒத்துவராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிக்கப் வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக்கட்டை செருகி உயர்த்துவார்கள். அங்கே பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஜிப்ஸியில் பட்டைக்கட்டு ஆக்ஸிலுக்குக் கீழே தொங்குகிறது. நடுவே கட்டை வைத்தால் வண்டி உயராது, தாழும். பட்டையைக் கீழிருந்து ஆக்ஸிலின் மேல்பக்கத்துக்கு மாற்றிப் பற்றவைக்கும் முறையும் இருக்கிறது. அதில் ஒரேயடியாக 5 அங்குலம் போல ஏறிவிடும். ஸ்டியரிங் இணைப்பு, ஜாயின்ட் ராடு, பிரேக் எல்லாவற்றையும் புதிதாகத் திட்டமிட வேண்டிய போட்டி வண்டி வேலை அது.

உயரத்தைப் பெறுவது வேலையில் பாதி. மீதிப் பாதியைத்தான் மலிவு லிஃப்டுகள் மறந்துவிடுகின்றன. சட்டம் மேலே போகும்போது அதற்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஓடும் ஒவ்வொன்றும் இழுபடும். சட்டத்தை ஸ்டாண்டுகளில் நிறுத்தி ஆக்ஸிலை முழுவதும் தொங்கவிட்டுப் பார்த்தால் எது முதலில் விறைக்கிறது என்று தெரிந்துவிடும். பழைய ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் இருந்தால், ஆக்ஸில் தொங்குவதைத் தடுத்து நிறுத்துவது அதுதான். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தின் எடை முழுவதும் ஷாக்கின் உள்தண்டில் அடிக்கும். சீக்கிரமே எண்ணெய் கசியும், அல்லது மேல்முனைப் பிடிப்பு கிழியும். நீளமான ஷாக் வாங்கும்போது விரிந்த நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ரப்பர் தடுப்பான் ஆக்ஸிலைத் தொடும் நிலையில் ஷாக்குக்கு உள்ள இடத்தையும் அளந்து, சுருங்கிய நீளம் அதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய குழியில் தடுப்பானுக்கு முன்பே ஷாக் அடிமட்டத்தைத் தொட்டு உடையும்.

பிரேக் குழாய் விலையில் சிறியது. பொறுப்பில் அதைவிடப் பெரிது எதுவும் இந்த வண்டியில் இல்லை. ஆக்ஸில் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து, ரப்பர் குழாய் தளர்வாக வளைந்து நிற்கிறதா, கம்பியைப் போல் நீண்டு நிற்கிறதா என்று விரலால் தொட்டே பார்க்க வேண்டும். நீண்டு நிற்கிறது என்றால் நீளமான குழாய் போட வேண்டும். சட்டத்தில் குழாய் பூட்டியிருக்கும் தாங்கியைக் கீழே இறக்கி வைப்பதும் சில இடங்களில் போதும். ஆக்ஸிலின் மூச்சுக்குழாய், கம்பிகள் ஆகியவற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். பின் ஆக்ஸிலின் உயரத்தைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு உள்ள வண்டிகளில், லிஃப்டுக்குப் பிறகு அந்த வால்வு வண்டி காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் இணைப்புக் கம்பியையும் அதே அளவுக்குச் சரிசெய்ய வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ராடு இப்போது கூடுதலாகச் சரிந்திருக்கும். 70 செ.மீ. நீள ராடு என்றால், 50 மி.மீ. உயர்வில் சரிவு சுமார் 4 டிகிரி கூடும். ஜாயின்ட் கிராஸ் இதைத் தாங்கும். ஆனால் இரண்டு முனைகளிலும் கோணம் ஒன்றாக இருந்தால்தான் ஒரு முனையில் வரும் ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஈடுசெய்யும். பின்பக்க ஷேக்கிளை மட்டும் நீட்டினால் ஆக்ஸில் சற்றுத் திரும்பி அந்தச் சமன் கெடும். குறிப்பிட்ட வேகத்தில் தரைத்தகட்டில் அதிர்வு கிளம்பும். பட்டைக்கும் ஆக்ஸில் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத்தகடு வைத்து இதைத் திருத்தலாம். ஆப்பு இரும்பாக இருக்கட்டும். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி, பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தும். ராடின் நடுவே ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்வரிசையையும் பார்க்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது, வழக்கமாக உள்ளே மறைந்திருக்கும் பளபளப்பான பகுதி வெளியே நீண்டு தெரியும். உள்ளே மிச்சமிருக்கும் பிடிப்பு குறைவாக இருந்தால் ஃபிளாஞ்சில் இடைவளையம் வைத்து ராடை நீட்ட வேண்டும். ஓடும்போது ராடு கழன்று விழுவது பெரிய விபத்து.

முன்பக்கத்தில் ஜிப்ஸிக்கென்று ஒரு சிக்கல். அதன் முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன்முனை தாழ்ந்து, ஆக்ஸில் முன்னோக்கிச் சாய்கிறது. திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வர உதவும் காஸ்டர் என்ற பின்சாய்வு இதனால் குறையும். பட்டை 90 செ.மீ. நீளம் என்று கொண்டால், ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டுவது காஸ்டரில் 3 டிகிரியைத் தின்றுவிடும். இவ்வகை வண்டிகளில் அது இருப்பதே சில டிகிரிதான். விளைவாக நெடுஞ்சாலையில் வண்டி அங்கும் இங்கும் அலையும், ஸ்டியரிங்கைக் கணமும் விட முடியாது. கிங் பின் பேரிங்கும் டை ராடு முனைகளும் தேய்ந்திருந்தால், சிறு குழியில் விழுந்த உடனே முன் சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்கி, வேகம் குறையும் வரை நிற்காது. ஆகவே முன்பக்க உயரத்தைப் பட்டை வளைவிலிருந்து எடுப்பதும், ஷேக்கிளைப் பின்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் சற்றுச் சரிவதால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் வளையம் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். லிங்கின் நீளத்தைத் திருகிச் சரிசெய்தால் நேராகிவிடும்.

பொருளில் எதை எங்கே மிச்சப்படுத்தலாம் என்பதும் இதிலிருந்தே தெளிவாகும். ஷேக்கிள் தகடு, ஆப்பு, தாங்கி இவை உள்ளூரில் செய்யலாம். பட்டை வேலை பட்டறைக்கூலியோடு முடியும். ஷாக், பிரேக் குழாய், புஷ், யூ போல்ட் ஆகியவற்றில் பழையதையோ மட்டமானதையோ போடக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பணத்தை விழுங்குவது டயர். பல வண்டிகளில் லிஃப்டின் மொத்தச் செலவைவிட ஐந்து டயரின் விலை அதிகமாகிவிடும். திட்டம் போடும்போதே அதைக் கணக்கில் கொண்டால்தான் பாதியில் நிற்காது.

டயர் விஷயத்தில் எண்களைப் பார்ப்பது நல்லது. ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. பொலேரோவில் வரும் 215/75 ஆர்15 டயருக்கு 703 மி.மீ. மாற்றினால் உருண்டை 18 மி.மீ. உயரும், அளவு பரவலாகக் கிடைப்பதால் விலையும் கட்டுப்படியாகும். 235/75 ஆர்15 டயர் 733 மி.மீ.; உயர்வு 33 மி.மீ. ஆனால் இதில் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 88-இல் ஓடும். சிறிய எஞ்சினுக்குக் கியர் விகிதம் கனத்துப்போகும். ஏற்றத்தில் ஒரு கியர் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், பிரேக்குக்கும் வேலை கூடும். 2 அங்குல லிஃப்டுக்கு 215/75 போதுமான ஜோடி.

சட்டவிதிகளைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. தேய்ந்த பட்டையை அதே அளவுப் புதுப் பட்டையால் மாற்றுவது பராமரிப்பு. அதற்கு மேல் உயர்த்துவது மாற்றம் என்று கேள்விக்கு வரலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைக் கேட்கும். சாலையில் ஓடும் வண்டி என்றால் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டாளரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே சரி. தனியார் நிலத்திலும் போட்டிகளிலும் மட்டும் ஓடி, மற்ற நேரம் டிரக்கில் ஏறிப் போகும் வண்டிகளின் நிலை வேறு.

வேலை நாளுக்கு இரண்டு, மூன்று நாள் முன்பே எல்லா போல்ட்டுகளுக்கும் துருநீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் பாதிச் சண்டை குறையும். பட்டைக் கண்ணில் உள்ள போல்ட்டு புஷ்ஷோடு துருப்பிடித்து இறுகியிருப்பது பழைய ஜிப்ஸிகளில் சகஜம். முதலில் பின்பக்கம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சட்டத்தை உயர்த்தி உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஆக்ஸிலைத் தனி ஜாக்கி தாங்கட்டும். ஷாக்கின் கீழ்முனை, யூ போல்ட், ஷேக்கிள் என்ற வரிசையில் கழற்றி, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கம் தொட்டால் ஆக்ஸில் நழுவாது. புதுக் கட்டைப் பூட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையில் உள்ள துளைக்குள் சரியாக இறங்க வேண்டும். அது விளிம்பில் ஏறி நின்றுவிட்டால் ஆக்ஸில் கோணலாகி, வண்டி நண்டு போல் ஒருபக்கம் சாய்ந்து ஓடும். கழற்றிய யூ போல்ட்டின் திருகை வெளிச்சத்தில் பார்த்தால் நட்டு இருந்த இடத்தில் புரிகள் நீண்டு இடைவெளி விட்டிருப்பது தெரியும். ஒருமுறை முழு இறுக்கம் கண்ட யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது. புதியது வேண்டும், நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

பட்டைக் கண், ஷேக்கிள் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் இறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும் முறுக்கிக்கொண்டு, சில மாதத்தில் கிழியும். இவற்றைக் கையால் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரில் நின்று நாலு முறை குலுக்கிவிட்டு, எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

சுருள் ஸ்பிரிங் வண்டிகளுக்கு விதி சற்று வேறு. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் கொண்ட ஜிம்னியில் ஸ்பிரிங்கின் மேல் வளையம் வைத்து உயர்த்தலாம். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்டு ராடு அதை ஒருபக்கம் இழுப்பதால் நீளம் திருத்தக்கூடிய ராடு தேவைப்படும். 2020-இல் வந்த தார் வண்டியின் முன் சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. அங்கே டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் தாங்கும் கோணத்துக்குள்தான் உயர்த்த முடியும்.

ஜிப்ஸி தரைக்கு வந்ததும் முதலில் வண்டியை நிறுத்தியபடியே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு முன் சக்கரத்தைத் திட்டில் ஏற்றி, டயர் மட்கார்டிலோ பட்டையிலோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக்கை ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் சோதித்த பிறகே சாலைக்குப் போகலாம். வீல் அலைன்மென்டில் டோ மட்டும் பார்க்காமல் காஸ்டரையும் அளக்கச் சொல்ல வேண்டும். முதல் 100 கிலோமீட்டரில் யூ போல்ட்டுகள் சற்றுத் தளரக்கூடும். மறுபடி இறுக்கி, 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். புது வளைவு ஏற்றிய பட்டை இந்தத் தூரத்துக்குள் சில மில்லிமீட்டர் அமரும் என்பதால் நான்கு மூலை அளவையும் திரும்ப எடுத்து, முதலில் எழுதி வைத்ததோடு ஒப்பிட வேண்டும். இடதும் வலதும் ஒத்திருந்து, உயர்வு 50 மி.மீ.யை ஒட்டி நின்றால் பட்டறை வேலை சரி. கடைசியாக, முன்பைவிட உயரத்திலிருந்து எரியும் ஹெட்லைட்டுகளைச் சுவரில் அடித்துப் பார்த்துக் கீழே இறக்கிக் குறிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் எதிரே வருபவரின் கண்ணில் அது நேராக விழும்.